ரீஸ்லிங் பாட்டிலில் முதலில் ஆல்கஹால் சதவீதத்தைப் பாருங்கள்

வணக்கம் மக்களே. இன்றைக்கு வேறு வீடியோ போடுவதாக இருந்தேன். ஆனால் நேற்று ராத்திரி திறந்த ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினைப் பற்றிப் பேசாமல் என்னால் இருக்க முடியாது.

தித்திக்கிற ஒயின் எனக்கு ஆகவே ஆகாது, அது உங்களுக்கே தெரியும். போன வீடியோவில் ஜெர்மனியின் மோசல் பகுதியிலிருந்து வந்த ஒரு ரீஸ்லிங்கைக் காட்டினேனே, எலுமிச்சையைக் கடித்த மாதிரி சுள்ளென்று இருக்கிறது என்று கொண்டாடினேனே, அதில் 'ஷ்பேட்லேஸே' என்று போட்டிருந்தது. அதே சொல்லை நம்பி வேறொரு பாட்டிலை வாங்கினேன். முதல் வாயிலேயே தித்திப்பு! எனக்கு அப்படி ஒரு கோபம்.

அப்புறம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இதோ, கேமராவுக்குக் கிட்டக் கொண்டு வருகிறேன். பழைய பாட்டிலில் ஷ்பேட்லேஸேவுக்குக் கீழே பொடி எழுத்தில் 'ட்ரோக்கன்' என்று இருக்கிறதா? புதியதில் அது இல்லை. ட்ரோக்கன் என்றால் தித்திப்பு இல்லாதது. ஷ்பேட்லேஸே என்பது பாட்டிலுக்குள் இருக்கும் இனிப்பைப் பற்றிய பேச்சே இல்லை. பறிக்கும்போது திராட்சை எவ்வளவு பழுத்திருந்தது என்பதுதான் அதில் கணக்கு. கபினெட், ஷ்பேட்லேஸே, அவுஸ்லேஸே என்று படிப்படியாக ஏறும்.

சரி, ட்ரோக்கன் என்ற சொல்லே இல்லாத பாட்டில்களுக்கு என்ன செய்வது? ஆல்கஹால் சதவீதத்தைப் பாருங்கள். பழையதில் 12, புதியதில் 8. திராட்சையின் சர்க்கரைதான் நொதித்து ஆல்கஹாலாகிறது. நொதித்தலைப் பாதியில் நிறுத்தினால் ஆல்கஹால் குறையும், சர்க்கரை மிஞ்சும். அதனால் 8, 9 என்றால் தித்திப்பு உண்டு. 12-ம் அதற்கு மேலும் என்றால் பெரும்பாலும் இருக்காது. இன்று காலை நண்பரிடம் நான்கு பாட்டில்களைக் கொடுத்து, துணியால் மூடி, எண்ணை மட்டும் வாசிக்கச் சொன்னேன். தித்திக்குமா தித்திக்காதா என்று நான்கையும் சரியாகச் சொன்னேன் மக்களே! 8, 11, 12.5, 13. அந்த 11 தான் இழுத்தடித்தது. லேசான இனிப்பு இருக்கும் என்றேன், அப்படியே இருந்தது. இன்னும் அந்தச் சந்தோஷம் அடங்கவில்லை.

அடடா, முக்கியமானதை விட்டுவிட்டேன். நேற்று அந்தப் புதிய பாட்டிலை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றிவிட்டேன், வாசமே வரவில்லை. கால் மணி நேரம் கழித்து இரண்டாவது கிளாஸ் ஊற்றினால் வெள்ளைப் பீச், பச்சை ஆப்பிள் எல்லாம் எழுந்து வந்தன. தித்திப்புக்குப் பின்னாலேயே புளிப்பு வந்து நாக்கைக் கழுவிவிட்டது. மோசலின் செங்குத்தான ஸ்லேட் பாறைச் சரிவுகளில், அந்தக் குளிரில் மெதுவாகப் பழுக்கிற திராட்சைக்குத்தான் இந்தப் புளிப்பு. அது இருக்கும்வரை தித்திப்பு எனக்குத் தொந்தரவு இல்லை. அந்தப் பாட்டில் காலி.

இன்னொன்று. வயதான ரீஸ்லிங்கில் பெட்ரோல் வாசம் வரும். டிடிஎன் என்ற சேர்மம்தான் காரணம். வெயில் அதிகம் பட்ட திராட்சையில் கூடுதலாக வரும். கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிடாதீர்கள், எனக்கு அந்த வாசம் உயிர்.

காலையில் பார்த்த அந்த 13 சதவீத பாட்டில் ஆஸ்திரேலியாவின் கிளேர் வேலியிலிருந்து வந்தது. திருகு மூடிதான். அங்கே பல தயாரிப்பாளர்கள் 2000-ஆம் ஆண்டு அறுவடையிலேயே கார்க்குக்குப் பதிலாக ரீஸ்லிங்குக்குத் திருகு மூடி போடத் தொடங்கிவிட்டார்கள். அதில் பாதி மீதி இருக்கிறது, இப்போது அதைத்தான் ஊற்றப் போகிறேன்.