கிரீன் டீ எதிர்ப்பு சக்தியைக் கூட்டுமா, கட்டுப்படுத்துமா?

(காட்சி: மதுரை கீழமாசி வீதி, மளிகைக் கடை அடுக்கில் கிரீன் டீ பெட்டிகள்)

வணக்கம். கிரீன் டீ பெட்டிகளில் அடிக்கடி ஒரு வாசகத்தைப் பார்க்கலாம்: "நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்." கொரோனாவுக்குப் பிறகு இந்த வாசகத்துக்கு மவுசு ரொம்பவே கூடிவிட்டது. ஆனால் கிரீன் டீயில் இருக்கிற முக்கியமான பொருளை ஆய்வகத்தில் சோதித்தவர்கள் கண்டது வேறு. எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கிற செல்களுக்குத்தான் அது துணை நிற்கிறது. அது நல்லதா கெட்டதா? பார்க்கலாம்.

(காட்சி: மேகமலை தேயிலைச் சரிவுகள்)

முதலில் இலை. தேனி, சின்னமனூர் வழியாக மேகமலை ஏறினால் தேயிலைத் தோட்டம் வந்துவிடும். கிரீன் டீக்கென்று தனிச் செடி கிடையாது. பறித்த இலையைக் கசக்கிக் காற்றுப்பட விட்டால், இலையில் உள்ள ஒரு நொதி வேலை செய்து இலை கறுத்துவிடும். அதுதான் நம் டீக்கடைத் தூள். பறித்ததுமே ஆவியில் வேகவைத்தாலோ சூடான வாணலியில் வாட்டினாலோ அந்த நொதி செயலிழக்கும், இலை பச்சையாகவே நிற்கும். கேட்டகின் என்ற துவர்ப்புப் பொருட்களும் பெருமளவு மாறாமல் தங்கும். அவற்றில் அதிகமாக இருப்பதன் பெயர் ஈஜிசிஜி.

(காட்சி: டி செல்களின் வரைபடம்)

இப்போது உடம்புக்குள் போவோம். கிருமி நுழைந்தால் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் தாக்கும், சரி. தாக்குதலை நிறுத்துவது யார்? சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் திருடனைத் துரத்துகிற போலீஸுக்கு, ஆள் பிடிபட்டதும் "போதும், லத்தியை இறக்கு" என்று சொல்ல ஓர் அதிகாரி வேண்டும். இல்லாவிட்டால் அடி சாமி கும்பிட வந்தவர்கள் மேல்தான் விழும். உடம்பில் அந்த வேலையைச் செய்பவை ஒழுங்குபடுத்தும் டி செல்கள். இவை தளர்ந்தால் எதிர்ப்பு மண்டலம் சொந்த உறுப்புகளையே தாக்க வழி திறக்கும். முடக்குவாதம், டைப் 1 சர்க்கரை நோய் போன்றவற்றில் நடப்பது அப்படிப்பட்ட தாக்குதல்தான்.

இப்படி ஒரு செல் வகை உண்டு என்று 1995-ல் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி காட்டினார். 2001-ல் அமெரிக்காவில் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவரும், ஃபாக்ஸ்பி3 என்ற மரபணு பழுதானால் எலியின் உடம்பு தன்னையே தாக்குகிறது என்று கண்டுபிடித்தார்கள். ஒழுங்குபடுத்தும் செல்கள் உருவாக அந்த மரபணுதான் ஆதாரம் என்பது அதற்கு அப்புறம் தெளிவானது. 2025-ன் மருத்துவ நோபல் பரிசு இந்த மூவருக்கும் போனது. எதிர்ப்பு சக்தி என்றாலே "கூட்டு, கூட்டு" என்று கேட்டுப் பழகிய நமக்கு இது மிக முக்கியமான செய்தி.

ஈஜிசிஜி நுழைவது இந்த இடத்தில்தான். அமெரிக்காவின் ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், ஈஜிசிஜி கொடுத்த எலிகளின் மண்ணீரலிலும் நிணநீர் முடிச்சுகளிலும் ஒழுங்குபடுத்தும் செல்கள் அதிகரித்திருந்தன. டிஎன்ஏ மேல் ஒட்டிக்கொண்டு சில மரபணுக்களை உறங்க வைக்கும் வேதிக் குறிகள் உண்டு. அவற்றை ஒட்டுகிற நொதியை ஈஜிசிஜி தடுக்கிறது. அதனால் ஃபாக்ஸ்பி3 விழிக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

அழகான வழிமுறை. ஆனால் இது எலியிலும் ஆய்வகச் செல்களிலும் பார்த்தது. நாம் குடிக்கிற ஈஜிசிஜியில் மிகச் சிறு பங்குதான் குடலைத் தாண்டி ரத்தத்துக்குப் போகிறது, அதுவும் சில மணி நேரத்தில் குறைந்துவிடும். முடக்குவாதத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன்.

(காட்சி: கோரிப்பாளையம் டீக்கடை, பாய்லர்)

பால் டீ குடிப்பவர்கள் மனம் தளர வேண்டாம். தேயிலையில் தியானின் என்று இன்னொரு பொருள் இருக்கிறது, கறுப்புத் தேயிலையிலும்தான். அது உடம்பில் உடைந்து எத்திலமீன் என்ற பொருளாகிறது. காமா-டெல்டா என்ற வகை டி செல்களை அது முன்கூட்டியே தயார்படுத்துகிறது. 2003-ல் பாஸ்டன் ஆய்வாளர்கள், சில வாரங்கள் தினமும் சுமார் 600 மில்லி கறுப்பு டீ குடித்தவர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். பாக்டீரியாவுக்கு எதிராக அந்த ரத்தத்தின் செல்கள் சுரந்த இன்டர்ஃபெரான் என்ற எதிர்ப்புப் பொருள் கூடியிருந்தது. காபி குடித்தவர்களுக்குக் கூடவில்லை. ஆட்கள் மிகக் குறைவு என்பதால் இதை ஆரம்பத் தடயம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆக, ஒரே இலையில் ஒரு பொருள் தூண்டுகிறது, இன்னொன்று அடக்குகிறது. "கூட்டும்" என்ற ஒற்றைச் சொல்லில் இதை எப்படி அடைப்பது?

(காட்சி: சாப்பாட்டு இலை, முருங்கைக்கீரைப் பொரியல்)

நம் ஊர்ப் பெண்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது இரும்புச் சத்து. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைக் கேட்டகின்கள் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேர்வதைக் குறைக்கும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. எதிர்ப்பு செல்கள் பெருகவும் இரும்பு வேண்டும். எதிர்ப்பு சக்திக்கென்று சாப்பாட்டோடு கிரீன் டீ குடித்தால், ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவதாகிவிடும். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

கொதிக்கிற நீரைச் சற்று ஆறவிட்டு, இலையைப் போட்டு 2, 3 நிமிடத்தில் வடிகட்டுங்கள். கசப்பு குறையும்.

கிரீன் டீ சத்து மாத்திரைகள் மட்டும் வேண்டாம். தினம் 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஈஜிசிஜி தரும் மாத்திரைகளால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தெரிந்ததாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் எச்சரித்தது. ரத்த அழுத்தத்துக்கான நாடோலால் மருந்து உடம்பில் சேர்வதைக் கிரீன் டீ குறைக்கிறது. போர்டெசோமிப் என்ற புற்றுநோய் மருந்தை ஈஜிசிஜி முடக்கிவிடுவது ஆய்வகத்திலும் எலிகளிலும் தெரிந்திருக்கிறது. நீங்கள் சாப்பிடும் மருந்துகளை டாக்டரிடம் சொல்லும்போது, கிரீன் டீ குடிப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.