கண்ணாடி அறையைத் துடைப்பது யார்?

வணக்கம். வேலை முடிந்து வந்து கேட்டுக்கொண்டிருப்பீர்கள், அதனால் வேலை நடக்கும் இடத்தைப் பற்றியே பேசுகிறேன். டர்பனில் சாப்பிடப் போன இடத்தில், புகைப்பவர்களுக்கென்று ஒதுக்கிய அந்தக் கண்ணாடி அறையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உள்ளே புகை, வெளியே நாம்.

நம் தென்னாப்பிரிக்காவில் 1993-இல் வந்த புகையிலைச் சட்டத்தை 1999-இல், டாக்டர் என்கோசசானா டிலாமினி-சூமா சுகாதார அமைச்சராக இருந்தபோது, கடுமையாகத் திருத்தினார்கள். 2001-இல் விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஆபீஸ், ஆலை, உணவகம் எங்கும் புகைக்கக் கூடாது. ஆனால் ஒரு விலக்கு வைத்தார்கள்: மொத்த இடத்தில் 25 சதவீதத்துக்கு மிகாமல் புகைக்கத் தனி இடம் ஒதுக்கலாம், தடுப்பும் கதவும் வேண்டும், புகை நேராக வெளியே போக வேண்டும்.

சரி, அந்த அறையைக் கூட்டுவது யார்?

நான் வேலை பார்த்த தையல் ஆலையில் டீ போட்டுக் கொடுக்கும் அக்கா ஒருவர் இருந்தார், டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்திலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வருவார். ஒரு நாள்கூட சிகரெட்டைத் தொட்டவர் இல்லை. தினம் இரண்டு தடவை ஆலையின் புகை அறைக்குள் போய் டீத் தட்டை வைத்து, சாம்பல் கிண்ணத்தைக் கொட்டி, கண்ணாடியைத் துடைத்துவிட்டு வருவார். தட்டோடு போகும்போது கதவைத் திறக்கக் கை இல்லை என்று வாளியை முட்டுக் கொடுத்து வைப்பார், புகை அப்படியே தையல் வரிசைக்கு வந்துவிடும். ஒரு நாள் துடைத்த துணியை என்னிடம் விரித்துக் காட்டினார். வெள்ளைத் துணி, டீச் சாயத்தில் முக்கி எடுத்த மாதிரி பழுப்பு. "பேரன் துணியோட இதைப் போடமாட்டேன் தம்பி, தனியாத்தான் அலசுவேன்" என்றார். கண்ணாடியில் அவ்வளவு படிந்தால் நெஞ்சுக்குள் எவ்வளவு படியும் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

புகை வேண்டாம் என்று தொழிலாளி மறுக்கலாம், அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஆனால் டீ போடும் வேலையை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர் எந்த முதலாளியிடம் போய் மறுப்பார்? நமக்கு அது புகை அறை, அக்காவுக்கு அது வேலை செய்யும் இடம். இதைத்தான் நான் எங்கே போனாலும் சொல்கிறேன், இன்றைக்கும் சொல்கிறேன். 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்த புதிய மசோதா கட்டடத்துக்குள் இப்படி ஒதுக்கும் இடமே கூடாது என்கிறது. அதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

அப்புறம் மின் சிகரெட்... நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். அதை விடுகிறேன், காரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை வண்டியில் இருந்தால் உள்ளே புகைக்கக் கூடாது, இது இப்போதே சட்டம். ஜன்னலை இறக்கிவிட்டாலும் அப்படித்தான். வணக்கம்.