ரயிலைத் தவறவிட்ட பாதிரியார்

நடுவர் அவர்களே, எதிரணியினரே, கீழே முறுக்கு கடித்துக்கொண்டிருக்கும் சபையோரே, வணக்கம். வணக்கத்துக்கே ஒரு நிமிஷம் போனால் கதைக்கு நேரம் பத்தாது.

மனிதனைக் காப்பது நேரந்தவறாமையா, தாமதமா? தாமதமே என்று பேச வந்திருக்கிறேன். கொள்கைப் பிடிப்பு ஒன்றுமில்லை, நேரந்தவறாமை அணியில் இடம் காலியில்லை, அவ்வளவுதான். ஆனால் என்னிடம் ஒரு ஆள் இருக்கிறார்.

ஆர்ச்சிபால்ட் ஃபார்கஸ். இங்கிலாந்தின் கிளிஃப்டனில் 1878-ல் பிறந்தவர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கிரிக்கெட் அணிக்கு ஆடியவர். 1900-ல் க்ளாஸ்டர்ஷயர் அணிக்காக முதல் ஆட்டம். இடம் லார்ட்ஸ், எதிரே மிடில்செக்ஸ். முதல் இன்னிங்ஸில் 55 ரன்னுக்கு 7 விக்கெட், அடுத்ததில் 32-க்கு 5. புதுமாப்பிள்ளை முதல் பந்தியிலேயே சமையல்காரரை அழவைத்த மாதிரி! 1914-ல் போர் வந்தபோது இவர் கடற்படைப் பாதிரியார். கொடுத்த கப்பல் மான்மத். அதில் போய்ச் சேர ரயில் ஏறவேண்டும்.

நடுவர் அவர்களே, பாதிரியார் ரயிலை விட்டுவிட்டார்!

அந்தக் காட்சி நமக்குத் தெரியாததா? பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்துக்குள் நுழைகிறோம். கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு நம்மைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே போகிறது. பக்கத்தில் ஒருவர் மெனக்கெட்டு வந்து, "இப்பத்தான் சார் போச்சு" என்கிறார். சரி, போச்சு. பாதிரியாரை வேறு கப்பலுக்கு மாற்றிவிட்டார்கள்.

மான்மத் போன இடம் சிலி நாட்டின் கொரொனெல் கரை. எதிரே ஜெர்மன் தளபதி வான் ஸ்பே. யாரோ என்று நினைக்காதீர்கள். அதே 1914 செப்டம்பர் 22 ராத்திரி நம் சென்னையில் குண்டு போட்டதே எம்டன், அது இவர் படையிலிருந்து பிரிந்து வந்த கப்பல். அந்த ஒரு கப்பலுக்கே "அவன் சரியான எம்டன்" என்று இன்றுவரை சொல்கிறோம். அதன் கூட்டாளிகள் மான்மத்துக்கு முன்னால் நின்றார்கள். நவம்பர் 1, பொழுது சாய்ந்த நேரம். மான்மத்தும், கூட நின்ற பிரிட்டிஷ் கப்பல் குட் ஹோப்பும் மூழ்கின. இரண்டிலும் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

கிரிக்கெட்டுக்கு ஒரு பஞ்சாங்கம் உண்டு, விஸ்டன். 1864-லிருந்து வருஷா வருஷம் வருகிறது. 1915 விஸ்டன் என்ன போட்டது? மான்மத்தோடு ஃபார்கஸும் போனார் என்று போட்டது! மனிதர் காலையில் டீயும் கையுமாக அதைப் பிரிப்பதை நினைத்துப் பாருங்கள். என் கற்பனைதான், ஆதாரம் கேட்காதீர்கள். "அடடே, நான் செத்துட்டேனா?" அப்புறம் விரலை வைத்து மெதுவாகப் படிக்கிறார். 55-க்கு 7... 32-க்கு 5... "பரவாயில்ல, பௌலிங் கணக்குச் சரியாத்தான் போட்டிருக்கான்!"

அவர் நிஜமாகவே காலமானது 1963-ல். விஸ்டன் திருத்தியது 1994-ல். பஞ்சாங்கமே 79 வருஷம் லேட்!

எதிரணித் தங்கச்சி என்ன சொன்னார்? "தாமதத்துக்கு வக்காலத்து வாங்க அண்ணன் நாற்பது நிமிஷம் தாமதமா வந்திருக்காரு. இவர் கல்யாணத்துக்குக் கிளம்பினா சீமந்தத்துக்குத்தான் போய்ச் சேருவாரு" என்றார். கைதட்டினீர்கள். பார்த்தேன்.

தங்கச்சி, என் கல்யாணத்துக்கே நான் அரை மணி நேரம் லேட். "அந்த அரை மணியில நான் நல்லா யோசிச்சிருக்கலாம்" என்று என் மனைவி இன்றும் சொல்கிறாள். இன்றைக்கு நான் விட்டது 5.10 பஸ். அடுத்த பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். பாதி வழியில் அந்த 5.10 டயர் வெடித்து நிற்கிறது. கீழே நின்று ஒருவர் பரிதாபமாகக் கையாட்டுகிறார். யார் என்று பார்த்தால் உங்கள் அணியின் மூன்றாவது பேச்சாளர்! அதோ, நாற்காலி இன்னும் காலி. நேரத்துக்குக் கிளம்பியவர்!

மணி அடிக்காதீர்கள் ஐயா, ஒரே நிமிஷம்.

பிரிட்டிஷ் கடற்படையில் பாதிரியாருக்குப் பதவி என்று ஒன்று கிடையாது. யாரோடு பேசுகிறாரோ, அவர் பதவிதான் இவருக்கும். கேப்டனோடு பேசினால் கேப்டன். கொதிகலனுக்குக் கரி தள்ளும் பையன் பக்கத்தில் உட்கார்ந்தால், இவரும் கரி தள்ளுகிறவர். மான்மத்தில் அந்தப் பையன் இருந்திருப்பான். நேரத்துக்கு வந்தவன். "ரயில் போயிடும், ஓடு ஓடு" என்று அவனை வாசலிலிருந்து விரட்டியது யார்? அம்மாதானே? இரண்டு கப்பலிலும் சேர்த்து ஏறக்குறைய 1600 பேர். அத்தனை வீட்டு வாசலிலும் யாரோ ஒருத்தி அப்படி விரட்டியிருப்பாள்.

எங்கள் அம்மாவும் விரட்டுவாள். கையில் டிபன் டப்பாவைத் திணித்து, "அஞ்சு பத்து போயிடும்டா, ஓடு" என்பாள். டப்பா சுடும். அந்தச் சூட்டோடு ஓடியிருக்கிறேன், ஒரு நாளும் பஸ்ஸை விட்டதில்லை. போன தை மாதத்திலிருந்து வாசலில் யாரும் நிற்பதில்லை. இன்றைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு, பழக்கத்தில் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

அதனால்தான் தங்கச்சி, லேட்டு. வணக்கம்.