கோகா இலைக்கு ஒட்டிய பெயர்

(கோத்தகிரியில் சிறு தேயிலை விவசாயிகளிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

காலையில் பறித்த கொழுந்து அன்றைக்கே ஃபேக்டரிக்குப் போயாக வேண்டும். மழையில் மண் சரிந்து வண்டி நின்றுவிட்டால் சாக்குக்குள் கையை விட்டுப் பாருங்கள், சுடும். சிவந்துபோன இலையை யார் வாங்குவார்கள்?

தென் அமெரிக்காவில் உள்ள கொலம்பியாவின் காட்டோர விவசாயிக்கு அந்த ரோடே கிடையாது. வாழையும் மரவள்ளியும் சந்தைக்குப் போவதற்குள் அழுகிவிடும். கோகா இலையிலிருந்துதான் கொக்கைன் என்ற போதைப்பொருள் வருகிறது. அந்த இலையைப் பசையாக்கினால் ஒரே பையில் அடங்கும், வாங்குகிறவன் ஊருக்கே வருவான். அதனால் கோகா நட்டார்.

1984 மார்ச்சில் டிராங்கிலாண்டியா என்ற, காட்டுக்குள் கொக்கைன் தயாரித்த கூடத்தில் கொலம்பிய போலீஸ் 13 டன்னுக்கு மேல் கொக்கைன் பிடித்தது. கூடம் மெடலின் நகரத்துக் கடத்தல்காரர்களுடையது. ஆனால் அமெரிக்கத் தூதர் லூயிஸ் டாம்ப்ஸ் 'போதைக் கெரில்லா' என்று பேசத் தொடங்கினார். கடத்தல்காரனும் கிளர்ச்சிக்காரனும் ஒரே ஆள் என்றாகிவிட்டது. எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். 1981-இல் கெரில்லாக்களைக் கொல்வதற்கென்றே 'மாஸ்' என்ற கொலைப்படையை அமைத்தவர்கள் இதே கடத்தல்காரர்கள்!

சரி, அரசை எதிர்த்துப் போரிட்ட இடதுசாரி 'ஃபார்க்' கெரில்லாக்களின் கை சுத்தமா? இல்லை. கோகாவுக்கு வரி வசூலித்தார்கள், ஆட்களைக் கடத்திப் பணம் பறித்தார்கள். அதை மறைக்கக் கூடாது. ஆனால் அவர்களை எதிர்த்த வலதுசாரி ஆயுதக் குழுக்களும் கோகா பணத்தில்தான் கொழுத்தன. பெயர் ஒரு பக்கத்துக்கு மட்டும் ஒட்டியது.

பெயர் போன வழியில் பணமும் போனது. 2000-இல் 'பிளான் கொலம்பியா' என்று அமெரிக்கா ஒதுக்கிய சுமார் 130 கோடி டாலரில் பெரும்பங்கு ஹெலிகாப்டர், ராணுவம், போலீஸ் என்றே செலவானது. கோகாவை அழிக்க விமானத்திலிருந்து கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை அடித்தார்கள். நம் தோட்டத்தில் களைக்கு மருந்து அடிக்கிறவர் செடியில் பட்டுவிடாமல் நாசிலைத் தாழ்த்திப் பிடிப்பார், காற்று வீசினால் நிறுத்திவிடுவார். விமானத்துக்கு வாழை எது, கோகா எது? மருந்து எல்லை தாண்டி விழுகிறது என்று பக்கத்து நாடான ஈக்வடார் சர்வதேச நீதிமன்றம் போனது. 2013-இல் கொலம்பியா 1.5 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. அப்புறம் 2015-இல்தான் விமானத் தெளிப்பு நின்றது.

2016-இல் அரசுக்கும் ஃபார்க்குக்கும் சமாதான ஒப்பந்தம். அடுத்த ஆண்டு ஃபார்க் ஆயுதத்தை ஒப்படைத்தது. கெரில்லாதான் கோகா என்றால் அதோடு கோகா ஒழிந்திருக்க வேண்டும் அல்லவா? ஐ.நா. கணக்கில் கோகா பயிர் 2016-இல் 1,46,000 ஹெக்டேர், 2023-இல் 2,53,000. ஃபார்க் விட்டுப்போன இடங்களுக்கு வேறு ஆயுதக் குழுக்கள் வந்துவிட்டன. பல ஊர்களுக்கு ரோடுதான் இன்னும் வரவில்லை.