சளக் என்று கேட்க வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். புதன்கிழமை என்றால் ஊசி நாள் என்று நம்மூர்த் தாய்மார்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த மருந்து அங்கன்வாடி வரை கெடாமல் வந்து சேர்வதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பணம் புரட்டி மருந்து வாங்கிவிட்டாலும், அடிக்கடி கரன்ட் போகிற ஊர்களில் அதைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு.

தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். எல்லாரும் வெயிலுக்குப் பயப்படுகிறார்கள். எனக்கு ஐஸ் மேல்தான் பயம். பென்டாவேலன்ட் இருக்கிறதே, தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி உட்பட ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி, அது உறைந்தால் போச்சு. மறுபடி உருகினாலும் வீரியம் திரும்பாது.

அதனால் விவரம் தெரிந்த செவிலியர், ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை உடனே பெட்டியில் அடுக்கமாட்டார். மேசைமேல் பரப்பி வியர்க்க விடுவார். அப்புறம் ஒவ்வொன்றாகக் காதருகே வைத்து ஆட்டுவார். உள்ளே சளக் என்று தண்ணீர் அசையும் சத்தம் கேட்க வேண்டும். காலையில் பஸ்ஸுக்கு நேரமாகும், அது வேறு விஷயம். ஆனாலும் சத்தம் கேட்க வேண்டும். கேட்ட பிறகுதான் பேக் பெட்டிக்குள் போகலாம்.

போலியோ சொட்டு மருந்துக்கு எதிரி சூடு. அதன் குப்பியில் ஒரு வட்டம், அதற்குள் வெளிறிய சதுரம். சூடு பட்டால் சதுரம் கருக்கத் தொடங்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் மருந்தைக் கொடுக்கக் கூடாது. திரும்ப ஃப்ரிட்ஜில் வைத்தாலும் சதுரம் வெளுக்காது, ஏமாற்றவே முடியாது! கேளுங்கள், காட்டுவார்கள். பீகாரில் கோசி ஆற்று வெள்ளக்காட்டுக்குள்ளும் சொட்டு மருந்தை இப்படிக் குளிர்ப்பெட்டியில்தான் சுமந்து போனார்கள். 1995-இல் தொடங்கிய பல்ஸ் போலியோவுக்குப் பலன் கிடைத்தது. 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு குழந்தைக்கு வந்ததுதான், இயற்கையாகப் பரவும் கிருமியால் இந்தியாவில் வந்த கடைசிப் போலியோ. 2014-இல் போலியோ ஒழிந்தது என்ற சான்றிதழும் கிடைத்தது.

சரி, ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். தவணைகளைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். பென்டாவேலன்ட் ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதத்தில் மூன்று முறை. முதல் ஊசிக்குக் காய்ச்சல் வந்தது என்று அடுத்ததற்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். லேசான காய்ச்சல் வரத்தான் செய்யும். தேதி தவறினாலும் போங்கள், முதலிலிருந்து தொடங்கச் சொல்லமாட்டார்கள். அட்டையை மறக்காமல் கொண்டுபோங்கள். வணக்கம்.