349 ரூபாய் வயரும் கடைமுகத்தன்று படுத்துக்கொண்ட காரும்

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கோயிலும் கிடையாது, சாப்பாடும் கிடையாது. போன வாரமே வரும் என்று சொன்ன நாச்சியார்கோவில் குத்துவிளக்கு வீடியோ எடிட்டிங்கில் இருக்கிறது, வந்துவிடும், திட்டாதீர்கள். இப்போது எனக்கு ஒரு விஷயத்தில் வயிறு எரிகிறது. அதைக் கொட்டித் தீர்த்தால்தான் அடுத்த வேலை ஓடும்.

என் கையில் இருப்பது தெரிகிறதா? சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. ஜம்பர் கேபிள், செத்த பேட்டரிக்கு இன்னொரு வண்டியிலிருந்து கரண்ட் வாங்கும் வயர். நெடுஞ்சாலை ஓரத்துக் கடை ஒன்றில் வாங்கினேன். கவரில் 500 ஆம்ப்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். விலை 349 ரூபாய். இந்த 349-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், வீடியோ முடிகிற வரைக்கும் இதைத்தான் சொல்லிப் புலம்பப் போகிறேன்.

நடந்தது இதுதான். ஐப்பசி கடைசி நாள், கடைமுகம். ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகுமா என்று ஒரு மாதமாக அத்தை பாடிக்கொண்டே இருந்தார், மாயவரத்தில், அதாவது மயிலாடுதுறையில், காவிரித் துலா கட்டத்தில் ஒரு முழுக்குப் போட்டே ஆக வேண்டுமாம். அய்யம்பேட்டையிலிருந்து கும்பகோணம், ஆடுதுறை, குத்தாலம் வழியாக அறுபது கிலோமீட்டர் சொச்சம். கூட்டம் சேருவதற்குள் முழுகிவிட்டுத் திரும்பலாம் என்று விடியற்காலை நாலரைக்குக் கிளம்பத் திட்டம். அத்தை நாலு மணிக்கே மாற்றுப்புடவைப் பையையும் செம்பையும் மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். சாவியைத் திருப்பினேன். டக் டக் டக் டக். மீட்டர் விளக்கு அகல் விளக்கு மாதிரி மங்கி மங்கி எரிகிறது.

இப்படி வேகமாக டக்டக் என்று அடித்தால் பேட்டரியில் சரக்கு இல்லை என்று அர்த்தம். ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் போகப் பார்க்கும், வோல்ட்டேஜ் விழும், விட்டுவிடும், மறுபடி பிடிக்கும். ஒரே ஒரு டொக் மட்டும் கேட்டு, விளக்கெல்லாம் பளிச்சென்று எரிந்தால் அது வேறு கதை, டெர்மினலில், அதாவது பேட்டரியில் வயர் மாட்டும் முனையில், பிடிப்பு இல்லையா, ஸ்டார்ட்டர் மோட்டார் போச்சா என்று பார்க்க வேண்டும். நான் பானெட்டைத் திறந்து, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தேன். 10.9 வோல்ட். நல்ல பேட்டரி சும்மா நிற்கும்போது 12.6 காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி காலி. 10.9 என்றால், அத்தை பாஷையில், குடத்தைக் கவிழ்த்தாச்சு.

"என்னடா, வண்டி முடவனாயிடுச்சா? அப்ப நாளைக்கு முடவன் முழுக்குக்குத்தான் போவணும் போல" என்றார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், கால் நடக்க முடியாத ஒருவர் கடைமுகத்துக்கு வந்து சேர முடியாமல் மறுநாள் வந்தாராம், அவருக்காகக் கார்த்திகை முதல் நாளும் முழுக்குக்கு அதே பலன் என்று சுவாமி கொடுத்துவிட்டாராம். அதனால் அந்த நாளுக்கு முடவன் முழுக்கு என்றே பெயர். நல்ல நகைச்சுவைதான், ஆனால் நாலரை மணி மழையில் நனைந்துகொண்டு நிற்கிறவனுக்குச் சிரிப்பு வருமா?

வேறு வண்டி இல்லாமலே காரைக் கிளப்பும் குட்டி பேட்டரி, அந்த லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். போன வருஷம் வேதாரண்யம் உப்பளம் வீடியோவில் தூக்கிப் பிடித்துக் காட்டினேனே, 4,200 ரூபாய், உள்ளங்கை அளவு, இனிமேல் யார் தயவும் வேண்டாம் என்று வசனமெல்லாம் பேசினேனே, அதுதான். அக்னி நட்சத்திரம் முழுக்க டேஷ்போர்டு டப்பாவிலேயே கிடந்திருக்கிறது. எடுத்துப் பார்த்தால் பூரி மாதிரி உப்பிக்கொண்டு நிற்கிறது. லித்தியம் பேட்டரியை வெயிலில் மூடிக் கிடக்கும் காருக்குள் வைக்கவே கூடாது, வீட்டுக்குள் வைத்து இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சார்ஜ் போட வேண்டும். நல்ல பொருள்தான், வைத்திருந்த ஆள் சரியில்லை. உப்பினதை மறுபடி சார்ஜ் போட்டுப் பார்க்கலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், தீப்பிடிக்கும்.

தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமே என்பீர்கள். கியர் வண்டிதான், இக்னிஷனைப் போட்டு இரண்டாவது கியரில் கிளட்சை மிதித்துத் தள்ளி, வேகம் வந்ததும் விட்டால் கிளம்பும். ஆட்டோமேட்டிக்கில் அது நடக்காது. ஆனால் ஐப்பசி அடைமழையில் எங்கள் வாசல் நாற்றங்கால் மாதிரி கிடக்கிறது, தள்ளுவதற்கு இருந்தது நானும் அத்தையும். இன்னொன்று, இப்போது வரும் வண்டிகளில் பெட்ரோல் பம்ப்பும் இன்ஜெக்டரும் கரண்ட்டில்தான் ஓடுகின்றன, பேட்டரி அடியோடு செத்திருந்தால் கும்பகோணம் வரைக்கும் தள்ளினாலும் பிடிக்காது.

சரி, வயர் இருக்கிறது, கரண்ட் கொடுக்க ஒரு வண்டி வேண்டும். தெருமுனையில் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை ஏற்ற வந்த லாரி நின்றுகொண்டிருந்தது. டிரைவர் அண்ணன் எழுந்து வந்து, "எங்கிட்ட குடுங்க தம்பி, இது பதினாறு டன் இழுக்குது, உங்க காரு என்னா" என்றார். பாசமாகத்தான் சொன்னார். ஆனால் பெரிய லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக மாட்டி 24 வோல்ட்டாக வைத்திருப்பார்கள். அதை என் 12 வோல்ட் காருக்குக் கொடுத்தால் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரெல்லாம் கருகிவிடும். வேண்டாம்ணே என்றதும் அவருக்குக் கோபம். பஸ்ஸும் இதே கதைதான். குட்டியானை என்றால் பரவாயில்லை, அது 12. டிராக்டரும் 12.

எதிர்வீட்டு அண்ணனை எழுப்பி டிராக்டரைக் கொண்டுவரச் சொன்னேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார், அந்த மனுஷனுக்கு இந்த வீடியோவை டெடிகேட் பண்ணுகிறேன். டிராக்டர் பேட்டரியில் சேறும் கிரீஸும் அப்பி, எது பிளஸ் எது மைனஸ் என்று தெரியவில்லை, போதாக்குறைக்கு இரண்டு வயருமே கறுப்பு. "லெஃப்ட்டுதான் பிளஸ்ஸு, எனக்குத் தெரியும்" என்கிறார் அண்ணன். அவர் சொன்னபடியே மீட்டரை வைத்தேன், எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வந்தது. அதாவது தலைகீழ். துணியால் துடைத்துப் பார்த்தால் பிளஸ் வலது பக்கம் சிரிக்கிறது. அண்ணனை நம்பி மாட்டியிருந்தால் தீபாவளி இரண்டாவது தடவை வந்திருக்கும்.

மாட்டும் வரிசை. சிவப்பின் ஒரு முனை செத்த பேட்டரியின் பிளஸ்ஸில். மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு முதலில் நல்ல பேட்டரியின் மைனஸில். கடைசி முனையைச் செத்த பேட்டரியில் மாட்டாதீர்கள், எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்டுங்கள். நான் எஞ்சினைத் தூக்குவதற்கு வைத்திருக்கும் வளையத்தில் மாட்டினேன். கடைசி முனை தொடும்போது பொறி பறக்கும், பேட்டரி மேலே ஹைட்ரஜன் வாயு இருக்கலாம், அதனால்தான் அந்தப் பொறி தள்ளி நடக்கட்டும் என்பது. கழற்றும்போது இதையே பின்னாலிருந்து முன்னால். ஆங், சொல்ல மறந்துவிட்டேன், மாட்டுவதற்கு முன்னால் இரண்டு வண்டி சாவியும் ஆஃப்பில் இருக்க வேண்டும், இரண்டு வண்டியும் ஒன்றையொன்று தொடக் கூடாது.

டிராக்டரைப் போட்டோம். சாவியைத் திருப்பினேன். டக் டக் டக்.

மறுபடி திருப்பினேன். டக் டக். ரப்பர் கருகும் வாடை. வயரைத் தொட்டால் தோசைக்கல். இங்கேதான் மக்களே 349 ரூபாய் தன் சுயரூபத்தைக் காட்டினது.

இதோ உங்கள் முன்னால் அறுக்கிறேன், அத்தையின் அரிவாள்மனையில்தான். கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன். வெளியே பாருங்கள், என் சுண்டுவிரல் பருமன் ரப்பர். உள்ளே? பென்சில் முனை அளவுக்கு ஒரு கம்பிக் கொத்து. எண்ணிக்கூடப் பார்க்கலாம். நிறம் செம்பாக இருக்கிறதே என்றால், கத்தியால் சுரண்டினேன், பாருங்கள், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு. 500 ஆம்ப்ஸாம்! இந்தக் கனத்துக்கு 150 ஆம்ப்ஸ் இழுக்க வைத்தாலே, போக வர ஐந்து மீட்டரில், 12 வோல்ட்டில் பாதி அளவுக்கு வயரே தின்றுவிடும். சின்னப் பெட்ரோல் கார் ஸ்டார்ட்டர் கேட்பதே அந்த 150 பக்கம்தான். அதற்கு மிச்சம் என்ன போய்ச் சேரும்? காய்கறித் தராசில் வைத்தேன், முழு செட்டும் கிளிப்போடு 410 கிராம். கத்தரிக்காய் வாங்கினால்கூட அரைக்கிலோ இருக்கும்!

அப்புறம் எப்படிக் கிளம்பியது என்றால், அவசரப்படாமல் இருந்ததால். டிராக்டரைக் கொஞ்சம் ரேஸ் கூட்டிப் பதினைந்து நிமிஷம் அப்படியே ஓடவிட்டோம். மெல்லிய வயரில் ஒரே மூச்சில் 150 போகாது, ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகப் பேட்டரிக்குள் ஏறும். அத்தை அதற்குள் ஒரு சகஸ்ரநாமத்தில் பாதி முடித்துவிட்டார். மூன்றாவது தடவை திருப்பினேன், ஒரு இழுவை, இரண்டு இழுவை, பிடித்துக்கொண்டது. நான் கத்தின கத்தலில் தெருநாய் எல்லாம் எழுந்துவிட்டது.

கும்பகோணத்தில் டிகிரி காபி குடிக்காமல் நான் போனதாகச் சரித்திரம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு எஞ்சினை அணைக்கப் பயந்து வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டேன், அத்தை இறங்கிக் குடித்துவிட்டு எனக்குப் பார்சல் வாங்கிவந்தார். பிளாஸ்டிக் கவரில் காபி! பித்தளை டபராவில் குடிக்க வேண்டியதைக் கவரில் கட்டிக் கொடுத்தால் அது காபியா? மாயவரத்தில் சரிவான இடமாகப் பார்த்து நிறுத்தினேன், அவ்வளவு பயம். முழுக்கு நன்றாகவே நடந்தது, காவிரி நிறையத் தண்ணீர்.

திரும்பி வந்து ஒரு பேட்டரிக் கடைக்குப் போனேன். பேர் சொல்லவில்லை. மீட்டரைக்கூட வைக்காமல், "இது போயிடுச்சு சார், புதுசு 4,800, பழசைக் குடுத்தா 700 கழிச்சுக்கலாம்" என்கிறார். என் பேட்டரியின் மாடல் 38பி20எல். அந்த 20 என்பது நீளம், சென்டிமீட்டர் கணக்கு. கடைசி எல் என்பது டெர்மினல் எந்தப் பக்கம் என்பதற்கு. அவரிடம் எல் இல்லை, ஆர் இருக்கிறது, "வயரை இழுத்து மாட்டிக்கலாம் சார்" என்கிறார். இழுத்து மாட்டினால் வயர் முறுக்கிக்கொண்டு நிற்கும், பள்ளத்தில் குதிக்கும்போது எங்கேயாவது உரசும். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

பாபநாசத்தில் ஒரு பெரியவர் வைத்திருக்கும் கடையில் கொடுத்தேன். ராத்திரி முழுக்க மெதுவாக சார்ஜ், 35 ஆம்பியர் பேட்டரிக்கு மூன்றரை ஆம்ப்ஸ், பத்தில் ஒரு பங்கு. காலையில் கழற்றி, கொஞ்ச நேரம் ஆறவிட்டு, லோடு டெஸ்டர், அதாவது பாரம் கொடுத்துப் பேட்டரியைச் சோதிக்கும் கருவி, வைத்துக் காட்டினார். பேட்டரி கல்லு மாதிரி இருக்கிறது. 150 ரூபாய். "அறுபது கிலோமீட்டர் ஓட்டிட்டா நிறைஞ்சிடும்னு நினைக்காத தம்பி, வறண்டுபோன பேட்டரி அவ்வளவு சீக்கிரம் குடிக்காது" என்றார். காலியாக நாள்கணக்கில் கிடந்தால் தகட்டில் சல்பேட் இறுகிவிடுமாம், பிறகு சார்ஜ் பிடிக்காது. வெளிநாட்டு வீடியோக்காரர்கள் பேட்டரிக்குக் குளிர்தான் எமன் என்கிறார்கள், நம் ஊரில் அதன் ஆயுளைக் குறைப்பது வெயில்.

அப்படியென்றால் எதனால் காலியானது? இதைச் சொல்லாமல் தப்பிக்கலாம் என்றுதான் இவ்வளவு நேரம் பேசினேன். டேஷ் கேமரா. ஆமாம், வண்டி அணைந்து நிற்கும்போதும் படம் பிடிக்கும் என்று நான் புகழோ புகழ் என்று புகழ்ந்த அந்த பார்க்கிங் மோடு. நிற்கும்போதும் 0.3 ஆம்ப்ஸ் இழுக்கிறது, ஒரு நாளைக்கு 7 ஆம்பியர் மணி, ஐந்தே நாளில் 35-ம் காலி. மழை என்று நான் பதினொரு நாள் வண்டியை எடுக்கவில்லை. வோல்ட்டேஜ் குறைந்தால் தானே அணைய ஒரு குட்டி சுவிட்ச் இருக்கிறது, அதில் 11.6, 11.8, 12.0, 12.2 என்று நாலு இடம். நான் 11.6-ல் விட்டிருக்கிறேன். 11.6 வரும்போது பேட்டரியில் என்ன இருக்கும், மண்தான். அப்போதே ஐந்தாறு பேர் கமென்ட்டில் சொன்னீர்கள். உங்களுக்கு நான் கொடுத்த பதிலை இன்றைக்கு அழித்துவிட்டேன். இப்போது 12.2-ல் வைத்திருக்கிறேன்.

புது வயர் வாங்கவில்லை, செய்துகொண்டேன். வெல்டிங் பட்டறையில் 25 சதுர மில்லிமீட்டர் செம்பு வெல்டிங் கேபிள் ஐந்து மீட்டர், நாலு கனமான கிளிப், வயர் முனையில் லக் என்கிற உலோகக் குப்பி வைத்து நசுக்கி, எல்லாம் சேர்த்து 1,900. தூக்கிப் பாருங்கள் என்று சொல்ல முடியாது, தராசில் பாருங்கள், ஒன்றே முக்கால் கிலோ. மலைப்பாம்பு மாதிரி இருக்கிறது. நேற்று வேண்டுமென்றே என் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு அதோடு இதை மாட்டி, டிராக்டர் கரண்ட்டிலேயே ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டேன், ஒரே சுற்று. அண்ணன் கை தட்டினார். ஸ்டார்ட்டரை மட்டும்தான் சுற்றிப் பார்த்தேன், பேட்டரி இல்லாமல் எஞ்சினை ஓடவிடாதீர்கள், நீங்கள் இதைச் செய்து பார்க்கவே வேண்டாம்.

சிவப்பு வயரை அறுத்துவிட்டேன், கறுப்பு மிச்சம். அதை அத்தை திண்ணைத் தூணுக்குத் தூண் கட்டிவிட்டார், இரண்டு பக்கமும் கிளிப் இருக்கிறதே, முடிச்சுகூடப் போட வேண்டியதில்லையாம். கேமராவைத் திருப்புகிறேன், பாருங்கள், துலா கட்டத்தில் நனைந்த புடவை அதில்தான் காய்கிறது.