பிளேட்டுல அப்படி என்ன இருக்கு?

தேவகோட்டையிலேருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "வீட்ட ஒதுங்க வச்சப்ப ரெண்டாங்கட்டு அறையில ஒரு பெட்டி நிறைய ரிக்கார்டு கெடச்சுச்சு. எல்லாப் பாட்டும் செல்போன்லயே இருக்கே, பிளேட்டுல அப்படி என்ன இருக்கு? சத்தம் நெசமாவே நல்லாருக்குமா?"

தம்பி, அளந்து பாத்தா சிடிதான் ஜெயிக்கும். ரொம்ப மெதுவான சத்தத்துக்கும் ரொம்ப உரத்த சத்தத்துக்கும் நடுவுல 96 டெசிபல் (சத்தத்த அளக்குற அலகு) வித்தியாசம் வரைக்கும் சிடி தாங்கும். எல்பி, அதான் ஒரு பக்கத்துல பல பாட்டு ஓடுற பெரிய பிளேட்டு, 70ஐத் தொடுறதே பெருசு. போதாததுக்கு, நடுவுக்குப் போகப் போக ஒரு சுத்துல ஊசி ஓடுற தூரம் குறையுறதால கடைசிப் பாட்டு கொஞ்சம் மங்கும்.

அப்புறம் ஏன் பிளேட்டு? எல்பில ஒரு பக்கம் சுமார் 20 நிமிஷம். ஊசிய வச்சிட்டு முகப்புல உக்காந்துட்டா, நடுவுல எந்திரிச்சுப் போய் மாத்த மனசு வராது. பிடிக்காத பாட்டும் காதுல விழும். நாலாவது தடவ அதுவே பிடிச்சிரும். எனக்குப் பாட்டுக் கேக்க வந்ததே அப்படித்தான். செல்போன்ல பல்லவி முடியறதுக்குள்ள விரல் தள்ளி விட்ருது.

இன்னொண்ணு. ஆம்ப்ளிபயர அணைச்சிட்டு, ஓடுற பிளேட்டுக்கிட்ட காத வச்சுப் பாருங்க. ஊசியிலேருந்தே பாட்டு மெல்லிசாக் கேக்கும். பிளேட்டுல ஊசி ஓடுற பள்ளம் இருக்கே, அந்த வரிக்குள்ள குரல் அப்படியே கெடக்கு தம்பி! எனக்கு இன்னும் புல்லரிக்கும்.

இப்ப உங்க பெட்டிக்கு வருவோம். கனமா, 10 அங்குலத்துல, ஒரு பக்கம் 3 நிமிஷம்தான் ஓடுதுன்னா அது 78, அதாவது நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்துற பழைய பிளேட்டு. எல்பி மாதிரி வினைல்ங்கற பிளாஸ்டிக் இல்ல, அரக்குல கல்லுப்பொடி கலந்து செஞ்சது. வினைல் எல்பி 1948லதான் வந்துச்சு. நம்ம பக்கம் இது கெடக்கறதுல ஆச்சரியமே இல்ல. காரைக்குடியில ஏவி அண்ட் சன்ஸ் கடையிலயே ரிக்கார்டு வித்தாங்க. அந்த வீட்டுப் பிள்ளதான் ஏவிஎம் மெய்யப்பன்.

78ஆ இருந்தா ஸ்பிரிட் போட்டுத் தொடச்சிராதீங்க, அரக்கு கரைஞ்சிரும். எல்பி ஊசியும் வைக்காதீங்க. 78க்கு வரி அகலம், அதுக்குத் தனி ஊசி உண்டு. கீழ விழுந்தா ஓடு மாதிரி ஒடஞ்சிரும், நிக்க வச்சே அடுக்குங்க. எல்லாப் பாட்டும் செல்போன்ல இருக்குங்கறீங்களே, அது சரியில்ல. 78ல வந்ததுல எத்தனையோ இன்னும் ஏறவே இல்ல. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் கடைக்குக் கொடுக்குறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு லேபிளையும் படிச்சு ஒரு நோட்டுல எழுதிருங்க.